ஜான் லெ காரே: கதைகள் உளவுத்துறை தந்ததா, அப்பா தந்ததா?

இரவுவாசகன்:

'தி பிஜன் டனல்' நேற்று இரவு முடித்தேன். பிரிட்டிஷ் உளவு நாவலாசிரியர் ஜான் லெ காரே 2016இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகள். பிறந்தேன், வளர்ந்தேன் என்று வரிசையாகப் போகிற சுயசரிதை இல்லை. துண்டு துண்டான கதைகள். கடைசிப் பகுதியில் அப்பாவைப் பற்றி ஒரு நீண்ட அத்தியாயம் வருகிறது. அதைப் படித்த பிறகு இவருடைய நாவல்களுக்கு நாம் வழக்கமாகச் சொல்கிற விளக்கம் எனக்குப் போதவில்லை.

வழக்கமான விளக்கம் தெரியும்தானே: உளவுத்துறையில் வேலை பார்த்தார், உள்ளே நடப்பதைக் கண்டார், எழுதினார். சரி, கணக்குப் பார்ப்போம். டேவிட் கார்ன்வெல் (அதுதான் இயற்பெயர்) பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையான எம்.ஐ.5இல் சேர்ந்தது 1958. வெளிநாட்டு உளவுத்துறையான எம்.ஐ.6க்கு மாறியது 1960. வெளியே வந்தது 1964. மொத்தம் ஆறு வருடம், அதுவும் கீழ்மட்ட அதிகாரியாக. ரானி கார்ன்வெல்லுக்கு மகனாக இருந்ததோ 1931இல் பிறந்ததிலிருந்து 1975இல் அந்த மனிதர் சாகும்வரை.

ரானி ஒரு மோசடிக்காரர். சில்லறைத் திருடர் இல்லை, பெரிய அளவு. காப்பீட்டு மோசடிக்காகச் சிறை போனவர். பந்தயக் குதிரைகள் வைத்திருந்தார், பெரிய கார்கள் வைத்திருந்தார், திடீரென்று ஒருநாள் ஒன்றுமே இருக்காது, ஜப்தி செய்ய ஆள் வந்து நிற்பார்கள். பிள்ளைகள் பணக்காரப் பள்ளியில் படிக்கிறார்கள், ஆனால் கட்டணம் கட்டப் பணமில்லை. போர்க்காலக் கள்ளச்சந்தையில் பிடித்த உலர்ந்த அத்திப்பழத்தையும் வாழைப்பழத்தையும், கூடவே ஆசிரியர்களுக்கு ஒரு பெட்டி ஜின்னையும் அனுப்பிக் கட்டணத்தைச் சரிக்கட்டியதாக மகன் எழுதுகிறார்.

அந்தப் பையனின் நிலைமையை யோசியுங்கள். பள்ளியில் மேல்தட்டுப் பிள்ளை மாதிரி பேச வேண்டும், உடுத்த வேண்டும். வீட்டில் யார் வந்து கேட்டாலும் அப்பா ஊரில் இல்லை என்று சொல்ல வேண்டும். எந்தப் பொய் யாரிடம் சொன்னோம் என்று நினைவில் வைத்திருக்க வேண்டும். உளவாளிக்குப் பயிற்சி முகாமில் சொல்லித்தருவதெல்லாம் இவருக்குப் பத்து வயதிலேயே அத்துப்படி. எம்.ஐ.6 அவருக்கு ஒரு மேடையையும் கொஞ்சம் சாமான்களையும் தந்தது, நாடகம் முழுக்க வீட்டிலிருந்து வந்தது என்பது என் கட்சி. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கரிசல்மண்:

நல்ல இழை. ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன் நண்பரே.

முதலில், ஆறு வருடக் கணக்கே குறைவு. பதினாறு பதினேழு வயதில் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு சுவிட்சர்லாந்தின் பெர்னுக்கு ஜெர்மன் இலக்கியம் படிக்கப் போனார். அங்கேயே பிரிட்டிஷ் உளவுக்காரர்களுக்குச் சின்னச் சின்ன எடுபிடி வேலை செய்ததாக அவரே சொல்கிறார். பிறகு 1950இல் கட்டாய ராணுவ சேவை. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரில் ராணுவ உளவுப் பிரிவு. கம்யூனிச நாடுகளிலிருந்து இரும்புத் திரையைத் தாண்டி ஓடி வருபவர்களை உட்கார வைத்து விசாரிக்கிற வேலை. அப்புறம் ஆக்ஸ்போர்டு. அங்கே இடதுசாரி மாணவர்களோடு நண்பனாகப் பழகி அவர்களைப் பற்றி எம்.ஐ.5க்குத் தகவல் கொடுத்தார். நடுவில் ஈட்டன் பள்ளியில் இரண்டு வருடம் ஆசிரியர் வேலை என்று இடைவெளிகள் உண்டு. ஆனாலும் பதினேழிலிருந்து முப்பத்திரண்டு வரை இந்த உலகத்தின் வாசனை விட்டுப்போகவே இல்லை.

இரண்டாவது, அவரை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' எங்கிருந்து வந்தது? 1961 ஆகஸ்ட். பெர்லின் சுவர் எழும்புகிறது. இவர் மேற்கு ஜெர்மனியின் தலைநகர் பானில், வெளியில் தூதரகச் செயலர், உள்ளே எம்.ஐ.6. பெர்லினுக்குப் போய் அந்த முள்கம்பியையும் சுவரையும் நேரில் பார்க்கிறார். அந்தக் கோபத்தில் சுமார் ஐந்து வாரத்தில் நாவல் முடிந்துவிட்டது. விடியற்காலையில் வீட்டில், தூதரக மேசையில் கிடைத்த ஓய்வில், ரைன் நதியைக் காரோடு படகில் கடக்கும்போது ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகூட எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். அப்பா எங்கே வந்தார் இதில்?

கதாநாயகன் லீமஸ்கூட அப்பாவின் சாயல் இல்லை. லண்டன் விமான நிலைய மதுக்கூடத்தில் ஒருநாள் பார்த்த ஆள். கசங்கிய மழைக்கோட்டு, களைத்துப்போன முகம். பையில் கைவிட்டு ஒரு பிடி சில்லறையை அள்ளி மேசைமேல் போடுகிறார். நாலைந்து நாட்டு நாணயங்கள் கலந்து கிடக்கின்றன. பெரிய ஸ்காட்ச் ஒன்று கேட்கிறார். எந்த நாட்டுக் காசு வேண்டுமோ நீயே பொறுக்கிக்கொள் என்பதுபோல. அவ்வளவுதான், லீமஸ் பிறந்துவிட்டான்.

அரைக்கண்:

சின்னச் சந்தேகம். அப்போ இவருடைய பல நாவல்களில் வருகிற உளவு அதிகாரி ஸ்மைலி யார்? அவரும் விமான நிலையத்தில் கிடைத்தவரா? 🙂

சுபத்ரா:

ஸ்மைலிக்கு இரண்டு மூலவர்கள் உண்டு, இரண்டு பேரையும் லெ காரேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஒருவர் விவியன் கிரீன். லெ காரே படித்த ஷெர்போர்ன் பள்ளியில் பாதிரியாராக இருந்தவர். பிறகு ஆக்ஸ்போர்டின் லிங்கன் கல்லூரிக்குப் போனார், அங்கேயும் இந்த மாணவனுக்கு ஆதரவாக நின்றார். கண்ணாடி போட்ட அறிவாளி, எதையும் பொறுமையாகக் கேட்பவர், மற்றவர் பலவீனத்தைப் புரிந்துகொள்கிறவர். ஸ்மைலியின் மனசு இவரிடமிருந்து வந்தது.

இன்னொருவர் ஜான் பிங்ஹாம். எம்.ஐ.5இல் மூத்த அதிகாரி, பரம்பரைப் பிரபு, கூடவே துப்பறியும் நாவல்கள் எழுதியவர். அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டே ஒருவர் நாவலும் எழுத முடியும் என்று இளம் கார்ன்வெல் பார்த்ததே இவரிடம்தான். லண்டனுக்கு வேலைக்குப் போகும் ரயிலில் நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்ததுதான் 1961இல் வந்த முதல் நாவல் 'கால் ஃபார் தி டெட்'. முதல் அத்தியாயத்திலேயே ஸ்மைலி வந்துவிடுகிறார்: குட்டையாக, பருமனாக, விலையுயர்ந்த ஆனால் பொருந்தாத உடையில்.

இதில் ஒரு சோகமும் உண்டு. பிங்ஹாமுக்கு லெ காரேயின் பிற்கால நாவல்கள் பிடிக்கவில்லை. நாட்டுக்காக உழைக்கிற ஒரு நிறுவனத்தை இப்படிக் கேவலமாகக் காட்டுகிறானே என்று வருந்தினார். தன்னைப் பார்த்து ஸ்மைலியை வரைந்தவனே தன் தொழிலை இழிவுபடுத்திவிட்டான் என்றால் வலிக்காதா? பிங்ஹாம் 1988இல் இறந்தார். பிறகு அவருடைய ஒரு நாவலின் மறுபதிப்புக்கு லெ காரே முன்னுரை எழுதி, அவர் பக்கத்து நியாயத்தையும் சொன்னார்.

ஆக, இரவுவாசகன் அண்ணா, உங்கள் கட்சிக்கு ஒரு புள்ளி நானே தருகிறேன். ரானி மாதிரி அப்பா வாய்த்த பையன் தனக்கென்று இன்னொரு அப்பாவைத் தேடி எடுத்துக்கொள்கிறான். நேர்மையான, அமைதியான, ஏமாற்றாத மனிதர்கள் இரண்டு பேரைச் சேர்த்து ஒரு ஸ்மைலி.

புத்தகப்பூச்சி:

ஸ்மைலி பேச்சு வந்ததால் இதைச் சொல்லாமல் போக முடியாது.

1979இல் பிபிசி 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' தொடரை எடுத்தபோது ஸ்மைலி வேடம் அலெக் கின்னஸுக்கு. அவருக்கு நிஜ உளவுத் தலைவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. லெ காரே ஏற்பாடு செய்தார்: எம்.ஐ.6இன் முன்னாள் தலைவர் மாரிஸ் ஓல்ட்ஃபீல்டுடன் மதிய உணவு. ஓல்ட்ஃபீல்டு பேசிக்கொண்டே இருக்கிறார், கின்னஸ் பேச்சைக் கேட்டாரோ இல்லையோ, ஆளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சட்டைக்கையில் பளபளவென்று பொத்தான், காலில் ஒரு மாதிரி நிறத்தில் மெத்துத்தோல் காலணி. விருந்தாளி போன பிறகு கின்னஸின் கேள்விகள் எல்லாம் இதைப் பற்றித்தான்: உளவுக்காரர்கள் எல்லோரும் இந்த மாதிரிப் பொத்தான்தான் போடுவார்களா? சாப்பிட்டு முடித்ததும் கோப்பைக்குள் விரலை விட்டு அடியில் ஒரு சுற்றுச் சுற்றினாரே, விஷம் ஏதும் மிச்சமிருக்கிறதா என்று பார்த்தாரோ?

இந்தக் கூர்மைதான் திரையில் வந்தது. பிறகு எழுதும்போது தன் ஸ்மைலியை மறந்து கின்னஸின் குரல்தான் காதில் விழுந்தது, கதாபாத்திரம் கைவிட்டுப் போய்விட்டது என்கிற மாதிரி லெ காரே சொன்னார். இந்த விஷயத்தில் மூலவரும் உற்சவரும் இடம் மாறிவிட்டார்கள்.

திண்ணைக்காரர்:

எல்லாரும் ரொம்ப நம்பிக்கையாகப் பேசுகிறீர்கள். விமான நிலைய ஆள், படகில் எழுதியது, கின்னஸ் விருந்து, எல்லாவற்றுக்கும் சாட்சி யார்? பெரும்பாலும் ஒரே ஆள்தான். பொய் சொல்வதையே தொழிலாக வைத்திருந்த ஆள். தான் பொய்யன் என்று அவரே சொல்லியும் இருக்கிறார்.

புனைபெயர் கதை தெரியுமா? அரசு வேலையில் இருந்ததால் சொந்தப் பெயரில் நாவல் வெளியிட முடியாது. சரி, 'லெ காரே' எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் கேட்டார்கள். லண்டனில் பேருந்தில் போகும்போது ஒரு கடைப் பலகையில் பார்த்தேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பேட்டியில், அப்படியொரு கடையே இல்லை, கேட்டுக் கேட்டுத் தொல்லை கொடுத்ததால் ஏதோ ஒன்றைச் சொல்லிவைத்தேன் என்றார். இவ்வளவு சின்ன விஷயத்துக்கே இப்படி என்றால்?

வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் என்ன சொல்கிறார்? ஒரு ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னொரு ஒற்றனை விட்டுச் சரிபார். ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆளு. மூன்று பேர் சொல்வது ஒத்துவந்தால் நம்பு. லெ காரே விஷயத்தில் நம்மிடம் இருப்பது ஒற்றைச் சாட்சி.

வேடிக்கை என்னவென்றால், அவரே இந்தக் குறளைச் செயல்படுத்திப் பார்த்திருக்கிறார்! அப்பாவைப் பற்றியும் தன்னைப் பற்றியும் உண்மையைத் தோண்டி எடுக்க இரண்டு தனியார் துப்பறிவாளர்களை வேலைக்கு வைத்தார். ஒருவர் ஒல்லி, ஒருவர் குண்டு. இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிடுகிறவர்கள். தன் நினைவில் இருப்பதைப் புத்தகத்தின் ஒரு பக்கத்திலும், அவர்கள் கண்டுபிடித்த ஆதாரங்களை எதிர்ப்பக்கத்திலும் அச்சிடலாம் என்று திட்டம். பணம் நிறையப் போனது. கையில் கிடைத்தது பழைய செய்தித்தாள் துணுக்குகளும் உதவாத கம்பெனிக் காகிதங்களும். மூன்றாவது ஒற்றன் கிடைக்காமலே போய்விட்டான்.

இரவுவாசகன்:

திண்ணைக்காரர் சார், அந்த ஒல்லி–குண்டு விஷயம் நான் சொல்ல நினைத்ததே. ஆனால் அதே அத்தியாயத்தில் இருக்கிற இன்னொன்றை விட்டுவிட்டீர்கள், என் பார்வையில் அதுதான் உயிர்நாடி.

சின்ன வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எக்ஸிடர் சிறைக்கு வெளியே சாலையில் நின்றதாக அவருக்கு நினைவு. மேலே உயரத்தில் கம்பி போட்ட ஜன்னலில் அப்பா கையாட்டுகிறார். பையனும் கையாட்டுகிறான். இதைப் பல வருடம் கழித்து ரானியிடமே சொன்னபோது ரானிக்குக் கோபம். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கட்டுக்கதை! எக்ஸிடர் சிறையின் உள்ளே இருந்தவன் எவனுக்கும் தெரியும், அறையிலிருந்து சாலையைப் பார்க்கவே முடியாது!

சிறையில் இருந்ததை அவர் மறுக்கவில்லை, ஜன்னலை மட்டும் மறுக்கிறார். வாழ்நாள் முழுக்க ஊரை ஏமாற்றியவர் இந்த ஒரு விஷயத்தில் உண்மை பேசுகிறார், மகனும் நம்புகிறார். ஆனால் கையாட்டுகிற அப்பாவை மனதிலிருந்து எடுத்துப்போட அவரால் முடியவில்லை. ஒற்றைச் சாட்சி என்கிறீர்கள், சரி. அந்தச் சாட்சியே தன் வாக்குமூலத்தில் இந்த இடம் பொய்யாக இருக்கலாம் என்று கோடு போட்டுக் காட்டுகிறாரே. வரலாற்று ஆசிரியருக்கு அது தொல்லை, நாவலாசிரியருக்கு அதுதானே முதல்?

கரிசல்மண் கேட்டார், முதல் வெற்றி நாவலில் அப்பா எங்கே என்று. இல்லைதான். ஏனென்றால் அப்பா உயிரோடு இருந்தார். இரண்டு மூன்று தடவை எழுத முயன்று முடியாமல் விட்டதைச் சொல்லியிருக்கிறார். ரானி செத்தது 1975. 'எ பெர்ஃபெக்ட் ஸ்பை' வந்தது 1986. அதில் ரிக் பிம் அச்சு அசல் ரானி. ரானி 1950இல் யார்மவுத் தொகுதியில் லிபரல் கட்சி வேட்பாளராகத் தேர்தலில் நின்றார், சிறை போனதையெல்லாம் மறைத்துக்கொண்டு. நாவலில் ரிக்கும் தேர்தலில் நிற்கிறார். மகன் மாக்னஸ் பிம் பெர்னில் படிக்கிறான், நண்பனைக் காட்டிக்கொடுக்கிறான், ஆஸ்திரியாவில் ராணுவத்தில் இருக்கிறான், பிறகு இரட்டை உளவாளி ஆகிறான். கரிசல்மண் போட்ட பட்டியல் முழுவதும் அந்த நாவலில் இருக்கிறது, ஆனால் அப்பாவின் நிழலுக்குக் கீழே.

நிஜத்தில் மகன் புகழ் பெற்ற பிறகு ரானி என்ன செய்தார் தெரியுமா? மகனின் புத்தகங்களில் 'ஆசிரியரின் தந்தை' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மகன் பெயரைச் சொல்லிக் கடன் வாங்கினார். வெளிநாட்டுச் சிறைகளிலிருந்து அவரை மீட்க மகன் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. கடைசியில் இறுதிச் சடங்குக்கும் நினைவுக் கூட்டத்துக்கும் மகன் பணம் கட்டினார். ஆனால் போகவில்லை.

கரிசல்மண்:

எக்ஸிடர் ஜன்னல் பிரமாதம், அதை எடுத்துப்போட்டதற்கு நன்றி. ஆனாலும் ஒருவரை விட்டுவிட்டீர்கள்: கிம் ஃபில்பி.

எம்.ஐ.6இன் உயர்மட்டத்தில் இருந்துகொண்டே பல வருடம் சோவியத்துக்கு வேலை பார்த்தவர். 1963 ஜனவரியில் பெய்ரூட்டிலிருந்து மாஸ்கோவுக்கு ஓடிப்போனார். அதற்குச் சற்று முன்னால் 1961இல் எம்.ஐ.6க்குள் இருந்த இன்னொரு சோவியத் உளவாளி ஜார்ஜ் பிளேக் பிடிபட்டிருந்தார். லெ காரே வேலை பார்த்த அலுவலகத்தின் சூழலை நினைத்துப் பாருங்கள். பக்கத்து மேசைக்காரன் யாருக்கு வேலை செய்கிறான் என்று யாருக்கும் தெரியாது. மேலதிகாரிகள் ஃபில்பியை ஏன் சந்தேகப்படவில்லை? நல்ல பள்ளி, கேம்பிரிட்ஜ், சரியான கிளப், நம்ம ஆள். அந்த வர்க்கக் குருட்டுத்தனம்தான் 1974இல் 'டிங்கர் டெய்லர்' நாவலின் முதுகெலும்பு. அதில் வரும் துரோகி பில் ஹேடன் ஃபில்பியின் வார்ப்பு. எல்லாருக்கும் நண்பன், அழகன், பேச்சில் மயக்குகிறவன், ஸ்மைலியின் மனைவியையும் விட்டுவைக்காதவன்.

ஃபில்பியைப் பெய்ரூட்டில் நேருக்கு நேர் விசாரித்தது அவருடைய நெருங்கிய நண்பர் நிக்கோலஸ் எலியட். எண்பதுகளில் அந்த எலியட்டை உட்கார வைத்து லெ காரே பேச வைத்துக் குறிப்பெடுத்திருக்கிறார். நாவல் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகும் விடவில்லை பாருங்கள். 1987இல் மாஸ்கோ போனபோது, ஃபில்பி உங்களைச் சந்திக்க விரும்புகிறார் என்று ஒருவர் தூது சொன்னார். மறுத்துவிட்டார். எழுத்தாளன் யாராவது இப்படியொரு வாய்ப்பை விடுவானா? அவ்வளவு வெறுப்பு.

திண்ணைக்காரர்:

அந்த வெறுப்பே எனக்குச் சந்தேகம் தருகிறது. ஆக்ஸ்போர்டில் நண்பர்களோடு பழகிவிட்டு அவர்களைப் பற்றி அறிக்கை எழுதியவர் இவர். ஃபில்பி செய்ததன் சின்ன அளவு. கொடி வேறு, வேலை ஒன்று. தன் முகம் தெரிகிற கண்ணாடியைப் பார்க்க மறுத்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இரவுவாசகன்:

ஃபில்பியும் ஒரு பிரம்மாண்டமான அப்பாவின் நிழலில் வளர்ந்தவர்தானே சார்? அரேபியப் பாலைவனத்தைச் சுற்றிய, இஸ்லாத்துக்கு மாறிய, சவூதி மன்னருக்கு ஆலோசகராக இருந்த செயின்ட் ஜான் ஃபில்பி. எங்கே சுற்றினாலும் அப்பாவிடமே வந்து நிற்கிறது. மயக்கும் பேச்சு, எல்லாரிடமும் கடன், யாரிடமும் உண்மையில்லை. பில் ஹேடனுக்கு ஃபில்பியின் பதவியும் ரானியின் புன்னகையும்.

சுபத்ரா:

அப்பா, அப்பா, அப்பா. அம்மாவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை!

ஆலிவ் கார்ன்வெல் இவருக்கு ஐந்து வயதாக இருக்கும்போது வீட்டை விட்டுப் போய்விட்டார். ராத்திரி, பிள்ளைகள் இரண்டும் தூங்கிக்கொண்டிருக்கும்போது. திரும்ப அவரைப் பார்த்தது இருபத்தொரு வயதில்தான். ஹாரட்ஸ் கடையில் வாங்கிய வெள்ளைத் தோல் பெட்டி, உள்ளே பட்டுத் துணி வைத்துத் தைத்தது. அந்தப் பெட்டியோடுதான் அம்மா கிளம்பியிருப்பார் என்று மகன் நினைக்கிறார். அம்மா இறந்த பிறகு அவர் வீட்டில் அந்தப் பெட்டியைக் கண்டெடுத்திருக்கிறார். ரானியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவருக்கு அம்மாவைப் பற்றிப் பேச ஒரு பெட்டிதான் இருக்கிறது.

இப்போது நாவல்களைப் பாருங்கள். ஸ்மைலியின் மனைவி ஆன் எப்போதும் எங்கோ போய்க்கொண்டே இருப்பவள், திரும்பி வருவாளா என்று தெரியாதவள். பெண்கள் ஒன்று ஓடிப்போகிறார்கள், இல்லை தியாகியாகிறார்கள். என்னைக் கேட்டால் அவருடைய பெரிய பலவீனம் இதுதான், மூலம் எது என்றும் தெரிகிறது. விதிவிலக்கு என்றால் 1983இல் வந்த 'தி லிட்டில் டிரம்மர் கேர்ள்' நாவலின் சார்லி. அவள் தோள் தட்டி எழுப்பிவிட்ட மாதிரி உயிரோடு இருக்கிறாள். காரணம் உண்டு, நடிகையாக இருந்த மாற்றாந்தாய் வழித் தங்கை ஷார்லட்டைப் பார்த்து எழுதியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆடம் சிஸ்மன் 2015இல் எழுதிய வாழ்க்கை வரலாறு பெரியது, ஆனால் லெ காரே உயிரோடு இருந்ததால் சிலவற்றை வெளியிட முடியவில்லை. இறந்த பிறகு 2023இல் ஒரு சின்னப் புத்தகமாக அதையும் போட்டுவிட்டார்: திருமணத்துக்கு வெளியே இருந்த பல உறவுகள். ரகசிய முகவரி, ரகசியக் கடிதப் போக்குவரத்து என்று ஒரு உளவாளியின் கைவரிசை அங்கேயும். இரண்டாவது மனைவி ஜேன் பதிப்பகத்தில் இருந்தவர். கையால் எழுதியதை ஒவ்வொரு தடவையும் தட்டச்சு செய்து, திருத்தி, மறுபடி தட்டச்சு செய்தவர் அவர். அந்த உழைப்பின் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது. இந்த இடத்தில் ரானி எழுத்துக்குள் மட்டும் நின்றுவிடவில்லை.

பாலா_77:

பிற்கால நாவல்களை ஏன் யாரும் தொடவில்லை? பனிப்போரோடு இவர் முடிந்துவிடவில்லையே.

'டிங்கர் டெய்லர்' அச்சுக்குப் போன சமயம் ஹாங்காங்கில் இருக்கிறார். நாவலில் ஒரு காட்சியில் துறைமுகத்தைப் படகில் கடப்பதாக எழுதியிருந்தார், இங்கிலாந்தில் உட்கார்ந்து பழைய வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து. ஹாங்காங் போய்ப் பார்த்தால் கடலுக்கு அடியில் சுரங்கச் சாலை வந்துவிட்டது, 1972இலேயே! அதிலிருந்து காலால் நடந்து பார்க்காத இடத்தை எழுதுவதில்லை என்று முடிவெடுத்தார். அடுத்த நாவல் 'தி ஹானரபிள் ஸ்கூல்பாய்'க்காகத் தென்கிழக்கு ஆசியா முழுக்கப் போர்ச் செய்தியாளர்களோடு சுற்றினார். கம்போடியாவில் குண்டு விழும்போது பதுங்கியிருக்கிறார்.

அங்கே சந்தித்த ஒரு பிரெஞ்சுப் பெண், இவெத் பியர்போலி. அகதிகளுக்காக ஓடி ஓடி உழைத்தவர். 1999இல் அல்பேனியாவில் கார் விபத்தில் இறந்தார். 2001இல் வந்த 'தி கான்ஸ்டன்ட் கார்டனர்' அவருக்குத்தான் அர்ப்பணிப்பு. ஆப்பிரிக்க ஏழைகள்மேல் மருந்துக் கம்பெனி நடத்தும் சோதனையை எதிர்த்து நிற்கும் டெஸ்ஸாவில் அவர் இருக்கிறார். சுபத்ரா அக்காவின் விதிவிலக்குப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'டிரம்மர் கேர்ள்' நாவலுக்காகப் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தைத் தேடி லெபனான் போனார். நள்ளிரவுக் காத்திருப்பு, கார் மாற்றிக் கார், கடைசியில் சந்திப்பு. அப்புறம் புத்தாண்டு இரவில் அவரோடு சேர்ந்து தப்கே என்கிற அரபு நாட்டுப்புற நடனம் ஆடியதாகவும் எழுதியிருக்கிறார். இஸ்ரேல் பக்கத்திலும் போய்ப் பேசியிருக்கிறார். இரண்டு பக்கமும் போய்க் கேட்கிறவரிடம் கரிசல்மண் சொன்ன விசாரணை அதிகாரி தெரிகிறார், ரானி அங்கே இல்லை.

அரைக்கண்:

பிற்கால நாவல்களில் கோபம் தூக்கலாக இல்லையா? 2003இல் ஈராக் போருக்கு முன் அமெரிக்காவைத் திட்டிப் பத்திரிகையில் கட்டுரை, அப்புறம் பிரெக்ஸிட் கோபம், சாகும் முன் ஐரிஷ் குடியுரிமை. ஸ்மைலி நாவல்களில் கெட்டவன் யார் என்றே சொல்ல மாட்டார். பின்னால் வந்ததில் முதல் ஐம்பது பக்கத்திலேயே கெட்டவன் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கும்.

கரிசல்மண்:

பாதி உண்மை. ஆனால் கோபம் புதிது இல்லை அரைக்கண். 1968இன் 'எ ஸ்மால் டவுன் இன் ஜெர்மனி' எடுத்துப் பாருங்கள். பானில் இருந்தபோது பழைய நாஜிகள் அரசுப் பதவிகளில் நிம்மதியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எரிந்தவர் அவர். ஐரிஷ் குடியுரிமைக்குக்கூட ஒரு வேர் இருந்தது, அம்மா வழிப் பாட்டி கார்க் பக்கத்துக்காரர்.

புத்தகப்பூச்சி:

இரவுவாசகன் அந்த நினைவுக் குறிப்புத் தலைப்பை விளக்காமல் விட்டுவிட்டார், படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பதின்ம வயதில் அப்பா சூதாடப் போகும்போது மகனையும் மாண்டே கார்லோவுக்குக் கூட்டிப்போகிறார். சூதாட்டக் கிளப் பக்கத்தில் துப்பாக்கி சுடும் இடம். கூரையில் வளர்த்த புறாக்களைச் சின்னச் சுரங்கங்களுக்குள் விடுவார்கள். இருட்டில் தவழ்ந்து கடல் பக்கம் வெளியே வந்து பறக்கும்போது, சாப்பிட்டு முடித்த கனவான்கள் சுடுவார்கள். தப்பித்த புறாக்கள் என்ன செய்யும்? பிறந்த இடம் அதுதானே, நேராக அதே கூரைக்குத் திரும்பிப் போகும். எழுதிய நாவல்களில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் ஒரு கட்டத்தில் 'பிஜன் டனல்' என்றே தற்காலிகத் தலைப்பு வைத்திருந்தாராம். 2023இல் எரோல் மாரிஸ் இதே பெயரில் ஆவணப்படம் எடுத்தார். லெ காரேயின் கடைசி நீண்ட பேட்டி அதில் இருக்கிறது.

திண்ணைக்காரர்:

அந்த ஆவணப்படத்தில் பாருங்கள், கேள்வி கேட்கிறவரை முதலில் இவர் விசாரிப்பார், நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று. எண்பது வயதுக்கு மேலும் பழக்கம் போகவில்லை.

நான் இன்னும் இரு பக்கமும் சேரவில்லை. ஒரு விஷயம் மட்டும் இரவுவாசகனுக்கு ஆதரவாகச் சொல்லலாம். 'கோல்ட்' நாவலின் கைப்பிரதியை அலுவலகம் படித்துப் பார்த்து அனுமதித்தது. நிஜ ரகசியம் ஒரு துளி இருந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டார்கள். முழுக் கற்பனை என்பதால்தான் வெளியே வந்தது. ஆனால் பத்திரிகைகளும் வாசகர்களும் இதுதான் உண்மை நிலவரம் என்று நம்பினார்கள். தகவல் இல்லாமலே நம்ப வைக்கிற அந்த வித்தையை எங்கே கற்றார் என்று கேட்டால், எம்.ஐ.6 என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

பாலா_77:

சரி, புதிதாகத் தொடங்குகிறவர்கள் எதிலிருந்து தொடங்கலாம்? தம்பி ஒருவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

சுபத்ரா:

'கோல்ட்'. சின்னது, இரண்டு இரவில் முடியும். பிடித்தால் 'டிங்கர் டெய்லர்', ஆனால் முதல் நூறு பக்கம் யார் யார் என்றே புரியாது, விட்டுவிடாமல் படிக்கச் சொல்லுங்கள்.

இரவுவாசகன்:

'எ பெர்ஃபெக்ட் ஸ்பை'யை மூன்றாவதாக வையுங்கள், முதலில் வேண்டாம். 2020 டிசம்பரில் அவர் இறந்த பிறகு வந்த 'சில்வர்வியூ' கடைசியில் போதும். மேசையில் இருந்த கைப்பிரதியை முடித்துக் கொடுத்தது மகன் நிக் ஹார்க்கவே.

அரைக்கண்:

அந்த மகன் 2024இல் 'கார்லாஸ் சாய்ஸ்' என்று ஸ்மைலியை வைத்துப் புதிதாகவே ஒரு நாவல் எழுதிவிட்டாரே. அவருக்கும் ஒரு இழை திறந்துவிடலாமா? தலைப்பில் 'அப்பா' என்ற வார்த்தையை மாற்றக்கூட வேண்டியிருக்காது 😄

கரிசல்மண்:

திறங்கள். ஆனால் இந்தத் தடவை இரவுவாசகன் முதல் பதிவு போடக் கூடாது.